அத்தைக்குத் திருவாசகம் வாசிக்கலாமா?

குத்தாலத்துக்கு அருகே ஒரு கிராமத்திலிருந்து தமிழாசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தைத் தருகிறேன்.

தரங்கம்பாடிப் பக்கம் லுத்தரன் குடும்பத்தில் பிறந்தவர் இவர். உடன் படித்த இந்து ஒருவரைச் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவுத் திருமணம் செய்துகொண்டார். இருவருமே மதம் மாறவில்லை. மாமியார் தொடக்கத்தில் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேத்தி பிறந்ததும் எல்லாம் கரைந்துபோயிற்று. குழந்தைக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தபோது வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு, மொட்டை போட அழைத்துப்போனவரே மாமியார்தான். இப்போது அவருக்கு 78 வயது. புற்றுநோய் முற்றிவிட்டது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர்கள் அனுப்பிவிட்டார்கள். சர்க்கரை நோயால் பார்வையும் போய்விட்டது. வாழ்நாளெல்லாம் விடியற்காலையில் திருவாசகம் ஓதியவர், "நீ வாசி, கேட்கிறேன்" என்று மருமகளிடம் கேட்டிருக்கிறார். மகன் வாசித்தால் தட்டுத் தடுமாறுகிறதாம். மருமகள் தினமும் மாலையில் விளக்கேற்றி வைத்துவிட்டு வாசித்து வருகிறார்.

இது அவருடைய ஜெபக்குழுவுக்குத் தெரிந்துவிட்டது. அந்நிய தெய்வத்தின் பாட்டை வாயால் சொல்வது பாவம் என்றார்கள். அதன் கேடு குழந்தையைப் பிடிக்கும் என்றார்கள். மாமியாருக்கு நினைவு தப்பும் நேரம் பார்த்துத் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்துவிடு, இல்லாவிட்டால் அந்த ஆத்துமாவின் இரத்தப்பழி உன்மேல் விழும் என்றும் ஒருவர் சொல்லியிருக்கிறார். கணவரிடம் சொன்னால், "எல்லாச் சாமியும் ஒன்றுதான், இதற்குப் போய் அழுவார்களா?" என்கிறார். கொழுந்தனாரோ, கிறிஸ்தவப் பெண் அம்மாவின் காரியத்தில் கைவைக்கக் கூடாது, வாய்க்கரிசி போட வேண்டுமானால் திருநீறு பூசிக்கொண்டு வரட்டும் என்று இப்போதே சொல்லிவிட்டார். சொத்தில் அண்ணனுக்குப் பங்கு கிடையாது என்றும் அவர் மிரட்டுகிறார். ஒன்பது வயது மகள் ஞாயிறு பள்ளியிலிருந்து வந்து, "அப்பாயி செத்துப்போனால் நரகத்துக்குப் போவார்களா?" என்று கேட்டிருக்கிறாள்.

"நான் என் விசுவாசத்தை விற்கிறேனா? இல்லை, அத்தையிடம் இயேசுவைப் பற்றிச் சொல்லாமல் அவருக்குத் துரோகம் செய்கிறேனா? எது என்று தெரியாமல் தூக்கம் வருவதில்லை" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

நீங்கள் சீர் பிரித்து நிறுத்தினால் அத்தை கண்ணைத் திறக்காமலே "சேர்த்துச் சொல்லம்மா" என்று திருத்துகிறார் என்றும், உங்கள் குரலுக்கு அரை அடி முன்னாலேயே அவருடைய உதடு அசைகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். புத்தகத்தின் ஏடுகளுக்கு நடுவே திருநீறு உதிர்ந்து கிடப்பதால், வாசித்து முடித்ததும் கையைக் கழுவுவதா, சேலையில் துடைத்துக்கொள்வதா என்று தயங்கி நிற்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தயக்கத்தில் உங்கள் கேள்வி முழுவதும் இருக்கிறது. குடும்ப ஆலோசகராகவும், இறையியல் படித்த ஒரு கிறிஸ்தவனாகவும் பதில் எழுதுகிறேன். நீங்கள் விசுவாசத்தை விற்கவில்லை. அத்தைக்குத் துரோகமும் செய்யவில்லை. அதற்கான காரணங்களைச் சொல்வதற்கு முன் அவசரமான ஒன்று இருக்கிறது.

நினைவு தப்பிய பிறகு ஞானஸ்நானம்

இதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். மற்றவர்கள் செய்யவும் விடாதீர்கள். வயதுவந்த ஒருவர் ஞானஸ்நானத்தைத் தாமே விரும்பி, தாமே அறிக்கையிட்டுப் பெற வேண்டும். உங்கள் லுத்தரன் சபையிலும் அப்படித்தான். மரணத் தறுவாயில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று இடம் தருகிற கத்தோலிக்கத் திருச்சபைகூட, பெரியவர்கள் விஷயத்தில் அவர்கள் முக்கியமான விசுவாச உண்மைகளை ஓரளவாவது அறிந்திருக்க வேண்டும், தங்கள் விருப்பத்தை ஏதாவது ஒரு வகையில் வெளிப்படுத்தியிருக்க வேண்டும் என்று தன் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறது. அத்தைக்கு நினைவு தப்பும்வரை காத்திருக்கச் சொல்கிறார்கள் என்றால், நினைவிருக்கும்போது அவர் சம்மதிக்க மாட்டார் என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. மறுக்க முடியாத நிலையில் கிடக்கும் ஒருவருக்கு, அவர் மறுப்பார் என்று தெரிந்தே ஒன்றைச் செய்வதை நற்செய்தி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உலகத் திருச்சபைகள் மன்றமும், பல்சமய உரையாடலுக்கான வத்திக்கான் அவையும், உலக நற்செய்திக் கூட்டணியும் சேர்ந்து, பல சமயத்தார் வாழும் உலகில் கிறிஸ்தவச் சாட்சி எப்படி இருக்க வேண்டும் என்று 2011இல் ஓர் ஆவணம் வெளியிட்டன. ஏமாற்றும் வற்புறுத்தலும் சாட்சிக்குப் பொருந்தாதவை. நோயாளியின் பலவீனத்தையும் குணமடைய வேண்டும் என்ற அவருடைய ஏக்கத்தையும் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. சுவிசேஷ ஊழியத்தை உயிர்மூச்சாகக் கொண்ட சபைகளின் கூட்டமைப்பும் சேர்ந்து எழுதியது அது. ஜெபக்குழுவில் பேச்சு வந்தால் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள். சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது. அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவு தரும் பரப்பும் உரிமை, தன் சமயக் கருத்துகளை எடுத்துச் சொல்லும் உரிமை. இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் தீர்ப்பளித்தது.

இரத்தப்பழி என்று அவர்கள் சொன்னது எசேக்கியேல் 3ஆம் அதிகாரத்து வசனம். அங்கே தீர்க்கதரிசி தன் சொந்த இஸ்ரவேல் வீட்டாருக்குக் காவலாளியாக வைக்கப்படுகிறான். துன்மார்க்க வழியில் நடக்கிறவனை எச்சரிக்க வேண்டும் என்பது அவனுக்கு இட்ட கட்டளை. படுக்கையில் கிடந்து தம் கடவுளைப் பாடுகிற ஒரு மூதாட்டியை அந்த வசனத்துக்குள் திணிப்பது வேதத்துக்கே செய்யும் அநியாயம்.

வாசிப்பது யாருடைய ஜெபம்?

வகுப்பறையில் பக்தி இலக்கியம் நடத்தும்போது நடுங்காத குரல் வீட்டில் மட்டும் நடுங்குகிறதே என்று உங்களையே கடிந்துகொள்கிறீர்கள். கடிந்துகொள்ள வேண்டாம். வகுப்பில் அது பாடம். அத்தையின் கட்டிலருகே அது ஒருவர் தம் உயிரை ஒப்படைக்கும் ஜெபம். அந்த வேறுபாடு உங்களுக்குத் தெரிவதால்தான் குரல் நடுங்குகிறது. அத்தையின் பக்தியையும் உங்கள் பக்தியையும் நீங்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

ஆனால் ஜெபம் அவருடையது. குரல் மட்டுமே உங்களுடையது. கண் தெரியாதவருக்குக் கடிதம் படித்துக் காட்டுகிறவர் அந்தக் கடிதத்தை எழுதியவர் ஆகிவிடுவதில்லை.

வேதத்திலேயே இதற்கு நெருங்கிய ஓரிடம் உண்டு. 2 இராஜாக்கள் 5ஆம் அதிகாரம். குஷ்டம் நீங்கிய சீரியப் படைத்தலைவன் நாகமான், இனி இஸ்ரவேலின் தேவனைத் தவிர வேறு தேவர்களுக்குப் பலியிட மாட்டேன் என்று எலிசா தீர்க்கதரிசியிடம் சொல்கிறான். உடனே ஒரு சங்கடத்தையும் சொல்கிறான். அவனுடைய அரசன் ரிம்மோன் என்ற தெய்வத்தின் கோவிலுக்குப் போகும்போது நாகமானின் கையில் சாய்ந்துகொண்டுதான் போவான். அரசன் பணியும்போது நாகமானும் பணிய வேண்டிவரும். இந்த ஒரு காரியத்தைக் கர்த்தர் மன்னிப்பாரா? எலிசா அவனுக்கு விதிமுறைப் பட்டியல் எதுவும் கொடுக்கவில்லை. "சமாதானத்தோடே போ" என்றார். நாகமான் அரசனுக்குக் கட்டுப்பட்ட ஊழியன், நீங்களோ விரும்பிச் செய்கிறீர்கள், இரண்டும் ஒன்றல்ல என்று உங்கள் குழுவில் யாராவது வாதிடலாம். நியாயமான வாதம்தான். ஆனால் தளர்ந்த ஒருவர் நம் கையில் சாய்ந்திருக்கும்போது அந்தக் கையை உதறிவிட்டு வா என்று தீர்க்கதரிசி சொல்லவில்லை. இங்கே கவனிக்க வேண்டியது அதுதான்.

பவுலும் இதில் ஒரே அளவுகோலை எல்லோர் மேலும் வைக்கவில்லை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 8, 10ஆம் அதிகாரங்களை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். விக்கிரகத்துக்குப் படைத்ததோ என்று மனசாட்சியின் நிமித்தம் விசாரிக்காமல், கடையில் விற்கும் இறைச்சியை வாங்கிச் சாப்பிடலாம் என்கிறார். விக்கிரகப் பந்தியில் பங்காளியாகாதே என்கிறார். உன் சுதந்திரத்தால் பலவீனமான சகோதரன் இடறினால் அதை விட்டுவிடு என்றும் சொல்கிறார். எனவே "என்னால் வாசிக்க முடியாது" என்று ஒரு கிறிஸ்தவப் பெண் சொல்லியிருந்தால் அவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். உங்களுக்கான எல்லையை நீங்கள்தான் கண்டறிய வேண்டும். வாசிக்க மனம் இடம் கொடுக்கிறது, விளக்கேற்றுவது மட்டும் உறுத்துகிறது என்றால், விளக்கைக் கணவர் ஏற்றட்டும். அத்தையின் நெற்றியில் திருநீறு இட்டுவிடுங்கள். நீங்கள் பூசிக்கொள்ளத் தேவையில்லை. கையைக் கழுவுவதைப் பற்றிக் கேட்டீர்கள். கழுவுங்கள், அதில் தவறில்லை. அவர் மதித்த பொருள் என்பதற்காக முதலில் அதைப் புத்தகத்திலேயே தட்டிவிட்டுக் கழுவுங்கள்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நடந்த ஒன்றை நினைவூட்டுகிறேன். தமிழாசிரியைக்குத் தெரிந்ததாகவே இருக்கும். 1876 பிப்ரவரி 1ஆம் தேதி திருவாவடுதுறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இறந்தார். அந்த நேரத்தில் உ. வே. சாமிநாதையர் திருவாசகத்தின் அடைக்கலப் பத்தை வாசித்துக்கொண்டிருந்தார். ஆசிரியரைத் தாங்கிப் பிடித்திருந்தவர் சவேரிநாத பிள்ளை. நெடுங்காலம் உடனிருந்து பணிவிடை செய்த மாணவர், கிறிஸ்தவர். சைவ மடத்தின் ஊரில், சைவப் பெரும்புலவரின் கடைசி மூச்சில், ஒரு கிறிஸ்தவரின் கை இருந்தது. இதே திருவாசகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1900இல் வெளியிட்ட ஜி. யு. போப்பும் தஞ்சாவூரில் பணியாற்றிய குருவானவர்தான். இவர்களெல்லாம் செய்தார்கள், அதனால் நீங்களும் செய்ய வேண்டும் என்று சொல்ல வரவில்லை. இந்த மண்ணில் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்த முதல் கிறிஸ்தவர் நீங்கள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அத்தைக்கு இரட்சிப்பு உண்டா?

கடிதத்தில் நீங்கள் நேரடியாகக் கேட்காவிட்டாலும் வரிகளுக்கு நடுவில் இருக்கிற கேள்வி இது. "எங்கள் சபையின் போதனைப்படி அத்தைக்கு வழியில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே உங்களைத் திருத்த வேண்டியிருக்கிறது. கிறிஸ்து ஒருவரே இரட்சகர் என்று சபை அறிக்கையிடுகிறது. இன்ன மனிதர் நரகத்தில் இருக்கிறார் என்று அது பெயர் சொல்லி அறிக்கையிட்டதில்லை. முதலாவது நம் விசுவாசம். இரண்டாவது நமக்குக் கொடுக்கப்படாத அதிகாரம்.

கிறிஸ்தவர்கள் இந்தக் கேள்வியில் ஒரே குரலில் பேசியதுமில்லை. 1938இல் தாம்பரத்தில், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில், உலக மிஷனரி மாநாடு கூடியபோது ஹென்ட்ரிக் கிரேமர் என்ற டச்சு அறிஞரின் கருத்து பெரிய விவாதத்தைக் கிளப்பியது: கிறிஸ்துவில் வெளிப்பட்டது வேறு, மனிதரின் சமயத் தேடல்கள் வேறு, ஒன்று மற்றொன்றின் தொடர்ச்சி அல்ல என்றார் அவர். நம் நாட்டுக் கிறிஸ்தவச் சிந்தனையாளர்கள் சிலரே அதை மறுத்தார்கள். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிற சமயங்களில் உள்ள உண்மையும் புனிதமுமான எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று அறிவித்தது. தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாமல், நேரிய உள்ளத்தோடு கடவுளைத் தேடுகிறவர்களும் மீட்படையலாம் என்று அதே சங்கம் சொன்னது. ஜான் ஹிக் போன்ற இறையியலாளர்கள் இன்னும் ஒரு படி போய், எல்லாச் சமயங்களும் ஒரே பரம்பொருளை நோக்கிய வெவ்வேறு பதில்கள் என்றார்கள்.

இவர்களில் யாரும் எனக்கு முழு நிறைவு தரவில்லை. தென்னிந்தியத் திருச்சபையின் முதல் ஆயர்களில் ஒருவரான லெஸ்லி நியூபிகின் சொன்னதற்கு அருகில்தான் நான் நிற்கிறேன். காஞ்சிபுரத்தில் மிஷனரியாக இருந்த காலத்தில் இவர் இராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு உட்கார்ந்து உபநிடதத்தையும் யோவான் சுவிசேஷத்தையும் சேர்த்துப் படித்தவர். கிறிஸ்துவில் கடவுள் செய்தது எல்லா மனிதருக்கும் உரியது, அதில் விட்டுக்கொடுக்க முடியாது என்றார். அதே வேளையில் யார் இரட்சிக்கப்படுவார், யார் மாட்டார் என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையே அல்ல என்று பிடிவாதமாக இருந்தார். இரட்சிக்கப்படுகிறவர்கள் சிலபேர்தானோ என்று ஒருவன் கேட்டபோது இயேசு எண்ணிக்கை சொல்லவில்லை; இடுக்கமான வாசல் வழியாய் நீங்கள் உட்பிரவேசிக்கப் பிரயாசப்படுங்கள் என்று கேள்வியைக் கேட்டவர்கள் பக்கமே திருப்பிவிட்டார். லூக்கா 13இல் இருக்கிறது.

உங்கள் சபையின் வேரும் இதற்கு அந்நியமில்லை. 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் லுத்தரன் மிஷனரி சீகன்பால்க், கிறிஸ்து இல்லாமல் இரட்சிப்பு இல்லை என்று உறுதியாக நம்பியவர். அப்படிப்பட்டவர்தான் கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். தமிழ் இந்துக்களிடம் அவர்களுடைய வழிபாடு, ஒழுக்கம், நம்பிக்கை பற்றிக் கேள்விகள் கேட்டு, அவர்களிடமிருந்து வந்த பதில் கடிதங்களையும் மொழிபெயர்த்து ஜெர்மனிக்கு அனுப்பினார். 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதிய நூலை அச்சிட ஜெர்மனியின் ஹாலே நகரில் இருந்த மிஷன் தலைவர்கள் மறுத்துவிட்டார்கள். அங்கே இருந்த எண்ணம், புறச்சமயத்தை ஒழிக்கப் போனவர் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது. அந்த நூல் 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. உங்களைக் கண்டித்த சகோதரிகளின் குரல் ஹாலேயின் குரல். அதே சபை மரபில் தரங்கம்பாடியின் குரலும் இருக்கிறது. நீங்கள் பிறந்த ஊர்ப் பக்கத்துக் குரல் அது.

இயேசுவைப் பற்றிப் பேசலாமா?

பேசலாம். பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஒரே நிபந்தனை: அத்தையால் "போதும்" என்று சொல்ல முடிய வேண்டும், சொன்னால் நீங்கள் நிறுத்த வேண்டும். மற்றவர்களிடம் பேசும்போது பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். அவரால் எழுந்து போக முடியாது. உணவும் மருந்தும் உங்கள் கையால்தான் அவருக்குக் கிடைக்கிறது. மருமகள் மனம் கோணக் கூடாது என்பதற்காகவே தலையாட்டக்கூடும். அந்தத் தலையாட்டலை வைத்து நீங்கள் எதையும் கட்டக் கூடாது.

முதலில் கேளுங்கள். எந்தப் பதிகம் அவருக்கு மிகப் பிடிக்கும், ஏன் பிடிக்கும், யார் சொல்லிக்கொடுத்தார்கள், வேளாங்கண்ணியில் அன்று என்ன வேண்டிக்கொண்டார் என்று கேளுங்கள். அதன் பிறகு, "எனக்குப் பிடித்த சங்கீதம் ஒன்று இருக்கிறது, வாசிக்கட்டுமா அத்தை?" என்று அனுமதி கேட்டு 23ஆம் சங்கீதத்தை வாசித்துக் காட்டுங்கள். அவர் விரும்பினால் உங்கள் விசுவாசத்தை உங்கள் சொந்தச் சொற்களில் சொல்லுங்கள். பல்சமய உரையாடல் என்று கருத்தரங்குகளில் பேசப்படுவது இப்படித்தான் நடக்கிறது.

உங்கள் ஜெபக்குழுவில், மாமியார் நகோமியின் கடவுளை ஏற்றுக்கொண்ட ரூத்தின் கதையையும் எடுத்துக் காட்டினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கதையில் விசுவாசி மாமியார்தான். மருமகளிடம் நகோமி, உன் சகோதரி தன் ஜனங்களிடத்துக்கும் தன் தேவர்களிடத்துக்கும் திரும்பிப் போய்விட்டாள், நீயும் போ என்கிறாள். யாரையும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. ரூத் தானாகத் தீர்மானித்தாள்.

கணவருக்கு ஒரு சொல்

"எல்லாச் சாமியும் ஒன்றுதான்" என்று அவர் சொல்வது உங்களைத் தேற்றத்தான். ஆனால் உங்களைப் பேசவிடாமல் கதவைச் சாத்திவிடுகிறது. எல்லாம் ஒன்றுதான் என்றால் நீங்கள் ஞாயிறுதோறும் ஆலயத்துக்குப் போவதற்கும் அத்தை திருவாசகம்தான் வேண்டும் என்று கேட்பதற்கும் பொருளே இல்லாமல் போகும். அத்தையின் சைவ சித்தாந்தமேகூட அப்படிச் சொல்வதில்லை. அகச்சமயம், புறச்சமயம் என்று அது சமயங்களை வரிசைப்படுத்தித்தான் பேசுகிறது. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை 1878இல் எல்லாச் சமயத்தாரும் பாடும்படி சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை வெளியிட்டவர்; தாம் கத்தோலிக்கர் என்பதை அவர் ஒருபோதும் மறைக்கவில்லை. உங்கள் கணவரிடம் வேறொன்றைக் கேளுங்கள்: "இது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, இருந்தாலும் செய்கிறேன். நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள்." மாலையில் அவரும் கட்டிலருகே இருக்கட்டும். தட்டுத் தடுமாறினாலும் ஒரு பாட்டை அவர் வாசிக்கட்டும். அவருடைய அம்மா அது.

மகளின் கேள்வி

கேடு பிடிக்கும் என்று குழந்தையின் காதில் விழும்படி பேசியவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. அப்பாயியின் அறைக்குள் போகவே அவள் இப்போது தயங்குகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். உடனே சரிசெய்ய வேண்டியது இதுதான்.

"போக மாட்டார்கள்" என்று சத்தியம் செய்யாதீர்கள், "அம்மாவுக்கு எப்படித் தெரியும்?" என்று அடுத்த கேள்வி வரும். பேச்சை மாற்றவும் வேண்டாம். இப்படிச் சொல்லலாம்: "யார் எங்கே போவார்கள் என்று தீர்மானிக்கும் வேலையைக் கடவுள் யாருக்கும் கொடுக்கவில்லை, ஞாயிறு பள்ளி டீச்சருக்கும் கொடுக்கவில்லை. அப்பாயியை நமக்குத் தெரிந்ததைவிடக் கடவுளுக்கு நன்றாகத் தெரியும். நாம் அவர்கள்மேல் வைத்திருக்கிற அன்பைவிட அவருடைய அன்பு பெரியது." சர்வலோக நியாயாதிபதி நீதி செய்யாதிருப்பாரோ என்று ஆபிரகாம் கேட்டதும் இதைத்தான். பிறகு அவளை அழைத்துக்கொண்டு அறைக்குள் போங்கள். அப்பாயிக்குத் தண்ணீர் கொடுக்கும் வேலையை அவளிடம் கொடுங்கள். ஞாயிறு பள்ளி ஆசிரியையையும் தனியாகச் சந்தித்து, வீட்டில் ஒருவர் மரணப் படுக்கையில் இருக்கிறார், குழந்தையிடம் இப்படிப் பேச வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெற்றோர் என்ற முறையில் உங்களுக்கு அந்த உரிமை உண்டு.

காரியம் நடக்கும் நாளில்

கொழுந்தனாரோடு இப்போதே வாக்குவாதம் வேண்டாம். அத்தைக்கு நினைவு நன்றாக இருக்கும் ஒரு காலை நேரத்தில், கணவர் அவரிடமே கேட்கட்டும்: யார் கொள்ளி வைக்க வேண்டும், மருமகள் என்ன செய்ய வேண்டும், என்ன செய்ய வேண்டாம். கொழுந்தனாரும் ஊர்ப் பெரியவர் ஒருவரும் உடனிருந்தால் நல்லது. அத்தையின் வாயிலிருந்து வந்த சொல்லுக்கு மேல் அன்றைக்கு யாரும் பேச மாட்டார்கள்.

நீங்கள் செய்யத் தயாரானவற்றையும் இப்போதே முடிவு செய்யுங்கள். உடலைக் குளிப்பாட்டி, கோடிப் புடவை உடுத்துவது மகளுக்கும் மருமகளுக்கும் உரிய கடைசிப் பணிவிடை. எந்த கிறிஸ்தவ மனசாட்சியும் அதைத் தடுக்காது. வாய்க்கரிசி போடுவதை ஒரு மரியாதையாகவே பலரும் செய்கிறார்கள். நான் அதில் தடை பார்க்கவில்லை. திருநீறு பூசினால்தான் என்று நிபந்தனை போட்டால், போடாமல் கைகூப்பி நிற்பது உங்களுக்கு இழுக்கில்லை. பிண்டம் வைப்பது போன்ற வழிபாட்டுச் சடங்குகளில் உங்களுக்கு இடமும் கடமையும் இல்லை; அவை பிள்ளைகளுடையவை.

சொத்தைப் பற்றிய மிரட்டலுக்குச் சுருக்கமாக ஒரு பதில். சிறப்புத் திருமணச் சட்டப்படி கிறிஸ்தவரை மணந்ததால் உங்கள் கணவர் இந்துவாக இல்லாமல் போய்விடவில்லை. தாயின் சொத்தில் மகனுக்குள்ள வாரிசுரிமையும் அதனால் பறிபோவதில்லை. தாய் உயில் எழுதியிருந்தால் அதன்படி நடக்கும். உங்கள் இருவருடைய சொத்துக்குப் பொருந்துவது இந்திய வாரிசுரிமைச் சட்டம் என்பதால், நீங்களும் உயில் எழுதிவைப்பது நல்லது. அதற்கு மட்டும் மயிலாடுதுறையில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

ஜெபக்குழுவை உடனே விட்டு விலக வேண்டும் என்று சொல்ல மாட்டேன். அவர்களில் உங்கள் பிரசவத்துக்கு ஓடிவந்தவர்கள் இருக்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அத்தை இருக்கும்வரை அந்த வீட்டில் குழு கூட வேண்டாம், அவர் அறைக்குள் அவர் அழைக்காமல் யாரும் ஜெபிக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள். உங்கள் ஆயரிடமும் நடந்ததை நீங்களே போய்ச் சொல்லுங்கள். வேறொருவர் வாய் வழியாக அவருக்குப் போக வேண்டாம்.

கடைசியாக, நீங்கள் ஒரே வரியில் எழுதிக் கடந்துபோனது: அத்தை இரவில் வலி தாங்காமல் முனகுகிறார், மாத்திரை ஒத்துவரவில்லை என்று. புற்றுநோய் வலியைச் சகித்துக்கொண்டுதான் ஆக வேண்டும் என்பது தவறான எண்ணம். மருத்துவரின் மேற்பார்வையில் மார்ஃபின் கொடுத்தால் பெரும்பாலானோருக்கு வலியை நன்றாகக் கட்டுப்படுத்த முடியும். இந்த நிலையில் அடிமையாகிவிடுவாரோ என்று பயப்படத் தேவையில்லை. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து வலி தணிக்கும் பராமரிப்புத் தருகிறார்கள். நாளைக் காலை பள்ளிக்குக் கிளம்பும் முன் உங்கள் ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பேசி, அத்தையின் பெயரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.